அத்தை எழுதாத பரீட்சை

பள்ளிக்கூடம் போகாமலே படித்து எட்டாம் வகுப்புப் பரீட்சை எழுத என் அத்தை கிளம்பியபோது அவளுக்கு முப்பது வயதிருக்கும். ஐந்தாவதோடு நிறுத்தப்பட்டவள். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. என் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டதால் என்னையும், தன் அண்ணனான என் அய்யாவையும் அத்தைதான் ஆக்கிப்போட்டுப் பார்த்துக்கொண்டாள். எங்கள் மாதா கோயிலில் இருந்த கன்னியாஸ்திரி ஒருவர், "பாஸ் பண்ணிட்டா மதுரையில டீச்சர் டிரெயினிங்ல சேத்துவிடுறேன்" என்று சொன்னதுதான் தாமதம், மீன் செதில் சுரண்டிக்கொண்டே கங்கை பிறக்கும் இடத்தை ஒப்பிக்கத் தொடங்கினாள். கரையே சிரித்தது. அய்யா மட்டும், மதுரை என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து வெளியே போய்விடுவார்.

பரீட்சை கீழக்கரையில். வாலிநோக்கத்திலிருந்து பஸ்ஸில் போயிருக்கலாம். "கச்சான் காத்து அள்ளிக்கிட்டுப் போகுது, பஸ் என்னத்துக்கு? நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார் அய்யா. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானும் வள்ளத்தில் தொற்றிக்கொண்டேன். வலையில்லாமல் வள்ளத்தைத் தள்ளினால் ஆகாது என்பது எங்கள் கரை வழக்கம். கல்யாணத்துக்குப் போனாலும் வலை கூட வரும். அன்றும் வந்தது.

பாதி வழியில், உலை கொதிப்பதுபோல் சூடை மீன் கூட்டம். அய்யா பாயை இறக்கிவிட்டு வலையைப் போட்டார். வள்ளம் பாதி நிறைந்தது. நான் கைதட்டிக் குதித்தேன்.

"போவோம்ணே" என்றாள் அத்தை.

"இன்னும் ஒரே தடவ. நேரம் கெடக்கு தாயி."

சூரியனை ஓரக்கண்ணால் பார்த்தே மணி சொல்கிறவர் அய்யா, தப்பியதே கிடையாது. அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, சீக்கிரம் முடியட்டும் என்று, புதுச் சேலையோடு தானும் வலையை இழுத்தாள்.

பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அத்தை கையெடுத்துக் கும்பிட்டாள். "ரொம்ப நேரமாச்சும்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார் காவல்காரர். அடுத்த வருஷத்துக்குள் கன்னியாஸ்திரிக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அத்தை பிறகு பரீட்சைப் பேச்சையே எடுக்கவில்லை. பாவி மனுஷி, என்ன பாடுபட்டுப் படித்தாள்! இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் அத்தை வைத்த சூடைக் குழம்பை நான்தான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். அத்தை இனி எங்கேயும் போகமாட்டாள் என்ற சந்தோஷம் வேறு. அய்யா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அத்தை பக்கத்தில் வந்து பரிமாறியபோதும் தலையை நிமிர்த்தவில்லை. அத்தனை மீன் கிடைத்த நாளில் ஒரு மனுஷர் எதற்காக அப்படி வெட்கப்பட வேண்டும் என்று எனக்கு அன்று விளங்கவில்லை.