கருப்புசாமி ஊன்றிய கொத்தவரை

கருப்புசாமி தை மாதத்தில் கொத்தவரை விதை ஊன்றினார். மாசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே சாய்ந்தார். செடிக்கு அதெல்லாம் தெரியுமா? பங்குனி வெயிலில் கணுவுக்குக் கணு கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தள்ளியது. பறித்துப் போட அவர் பெண்டாட்டி மயிலாள் ஒருத்திதான் மிச்சம்.

சேவூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் துண்டுக் காட்டு நிலத்தில் வேறு எதுவும் வருவதில்லை. ஓடையில் சாயப்பட்டறைத் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததிலிருந்து கிணறு உப்பேறிப் போனது. தக்காளி கருகியது. வாழை குருத்திலேயே மடிந்தது. கொஞ்சம் உப்பைத் தாங்கும் என்று கடைசியாகக் கருப்புசாமி நம்பியது கொத்தவரையைத்தான். இனி அதற்கும் வழியில்லை. நிலம் இன்னும் மாமனார் பேரில் கிடந்தது. பிள்ளையில்லாத மயிலாளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பனியன் கம்பெனிக்காரர் ஒருவருக்குக் குடோன் கட்டப் பங்காளிகளே விலை பேசி முடித்துவிட்டார்கள். ஆவணியில் கிரயம்.

முதல் பறிப்பில் வந்த பிஞ்சைத் தேங்காய் போட்டு வதக்கி, அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோற்றுக்குத் தொட்டுக்கொண்டாள். நாரே இல்லை. அவருக்குப் பிடித்த பதம்.

ஒருத்தி தின்று தீர்க்கிற காயா அது? வத்தலாகப் போட்டு வைத்தால் அடுத்த கோடை வரைக்கும் வரும். அவர் கையால் ஊன்றியது இன்னும் ஒரு வருஷம் தன் வட்டிலில் விழட்டும் என்பதுதான் மயிலாளின் ஆசை. வேறொன்றும் அவள் கேட்கவில்லை. ஆனால் சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும்வரை வத்தல், வடகம், ஊறுகாய் எதுவும் போடக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். மயிலாள் நங்கை என்று கூப்பிடும் அடுத்த வீட்டு நாத்தனார் முத்தாத்தாள் அதை வந்து நினைவுபடுத்திவிட்டே போனாள்.

“எழவு ஊட்டு வாசல்ல வத்தல் காஞ்சா ஊரு என்ன பேசும்? மறுவருசம் போட்டுக்க.”

“மறுவருசம் காடு ஏதுங்க, நங்கை?”

“அப்பக் கடைல வாங்கிக்க. வத்தலுக்கா பஞ்சம்?”

அன்று சாயங்காலம் பின்பக்கத்து லைன் வீட்டு ஒச்சாயியிடம் சொல்லி அழுதாள் மயிலாள். ஒச்சாயி உசிலம்பட்டிப் பக்கத்துக்காரி. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை.

“இதுக்கா மூக்கச் சிந்துற? சாவு விழுந்தது ஒன் வீட்லதானக்கா. எங்க வீட்லதேன் எல்லாரும் குத்துக்கல்லாட்டம் இருக்கோம்ல. நான் போடுறேன். நீ கையால தொடாத. பக்கத்துல உக்காந்து என்னைய வஞ்சா மட்டும் போதும்.”

“வையறதுக்கென்ன, நல்லாவே வைவேன் கண்ணு.”

ஒச்சாயியின் அடுப்பில் காய் கொதித்தது. மயிலாள் இரண்டு கையையும் மடியில் பூட்டி வைத்துக்கொண்டு எட்டி எட்டிப் பார்த்தாள்.

“எறக்கு, எறக்கு. கொழஞ்சா வத்தலா நிக்காது.”

“ஆத்தாடி, எங்க சூப்பர்வைசரே தேவல போலருக்கே!”

மாசிக்குப் பிறகு மயிலாள் சிரித்தது அப்போதுதான்.

வடித்த காயை உப்பு மோரில் ஊறப்போட்டு, காலையில் வேலைக்குப் போகுமுன் மொட்டை மாடியில் ஒச்சாயி பரப்பினாள். விரிக்கப் பழைய வெள்ளைத் துணி இருந்தது. அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கருநீலம் என்றால் வெயிலை இழுக்கும், சட்டென்று காயும். கம்பெனியிலிருந்து எடுத்து வந்திருந்த புது வேஸ்ட் துணியை உதறி விரித்தாள்.

மத்தியானம் காக்கை விரட்ட மாடி ஏறிய மயிலாள் படியிலேயே நின்றுவிட்டாள். மோர் ஈரத்தில் துணியின் சாயம் கழன்று, அத்தனை காயும் நீலம் பாரித்துக் கிடந்தது. பாம்பு கடித்த உடம்பைப் போல இருந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த ஒச்சாயி தலையில் அடித்துக்கொண்டாள். “பாவி, வாஷ் பண்ணாத பீசுல போட்டுட்டனே! நல்லா அலசுனாப் போயிராதாக்கா?”

அலசினார்கள். தண்ணீர் நீலமானது. காயும் நீலமாகவே இருந்தது.

“விடு கண்ணு,” என்றாள் மயிலாள். “இந்தச் சீமைல எதுக்குத்தான் சாயம் ஏறல?”

“ஏசிரக்கா. ரெண்டு வார்த்தை ஏசிரு.”

மயிலாள் ஏசவில்லை. குழி தோண்டி அவ்வளவையும் புதைத்தாள்.

விடிந்ததும் காட்டுக்குப் போனாள். போன பறிப்போடு செடி ஓய்ந்து, இலை பழுத்துத் தொங்கியது. அடியில் முற்றலும் நுனியில் சூம்பலுமாகக் கொஞ்சம் இருந்தது. ஒன்று விடாமல் பறித்தாள். இந்த முறை ஒச்சாயியைக் கூப்பிடவில்லை. தன் அடுப்பில், தன் கையாலேயே உப்புப் போட்டு அரைவேக்காடு வேகவைத்தாள். தன் வாசலிலேயே, தெரு பார்க்க, பாயை விரித்துப் பரப்பினாள்.

முத்தாத்தாள் வேலியோரம் வந்து நின்றாள். “கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு? எந்தம்பி செத்த ஈரங்கூடக் காயல!”

“அவரு வெதச்சதுதானுங்க, நங்கை.”

“வருசத் தெவசத்துக்கு எங்கள்ல ஒருத்தரும் இந்த வாசல மிதிக்க மாட்டோம். பாத்துக்க.”

சொன்னால் செய்கிறவர்கள்தான். மயிலாளுக்கு அது தெரியும். கிரயம் முடிந்தால் காடு போய்விடும். இனி சனமும் போய்விடும். பந்தலில்லாமல், பங்காளியில்லாமல் அவருக்கு இலை போடப் போவது தான் ஒருத்திதான். குனிந்து காயைத் திருப்பிப் போட்டாள். பாதி முற்றல். வறுத்தாலும் நாராகத்தான் வரும். மென்று துப்ப வேண்டியிருக்கும். அதுவும் அவளுக்குத் தெரியும்.

முத்தாத்தாள் வீட்டுக் கதவு படாரென்று சாத்திக்கொண்டது. மயிலாள் ஒரு குச்சியை எடுத்து வைத்துக்கொண்டு, காக்கை வராமல் பாயோரம் உட்கார்ந்தாள்.