பதினேழு பேருக்கு ஒரு பெயர்

மெஷினைப் போடுவதற்கு முன் அவர் பெயர்ப் பட்டியலை ஒருமுறை வாய்க்குள்ளேயே படித்துவிடுவார். உதடு அசையும், ஆள்காட்டி விரல் வரிவரியாக இறங்கும். காவலாளிகள் நாற்பது பேர், விடுதிச் சமையல்காரர்கள் பன்னிரண்டு பேர், பல் மருத்துவமனைத் தாதியர் ஒன்பது பேர் என்று எந்தப் பட்டியல் வந்தாலும் சரி, கடைசிப் பெயர் வரை போய், சின்னதாக ஒரு பெருமூச்சு விட்டு, அதற்குப் பிறகுதான் ஊசியில் நூலைக் கோப்பார். "நம்மாளு யாரும் இல்ல" என்பார், யாரும் கேட்காமலே. இருபத்தேழு வருடமாக இதே கதை. சீருடைக் கடையில் அவருக்கு 'பட்டியலண்ணன்' என்ற பெயர் விழுந்ததில் ஆச்சரியம் இல்லை.

சட்டைப் பையின் மேல் பெயர் தைப்பது அவர் வேலை. கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். ஒரே நேரத்தில் ஆறு சட்டைகளில் ஆறு பெயர்களைப் போட்டுத் தள்ளும். புருவத்தில் எப்போதும் நூல்தூசி படிந்திருக்கும். யாரைச் சந்தித்தாலும் முதலில் நெஞ்சைப் பார்ப்பார், பிறகுதான் முகம். பேருந்தில் நடத்துனரின் சட்டைப் பெயரைத் தடவிப் பார்த்து, "ரெண்டு தடவை துவைச்சா தாங்காது தம்பி, யாரு போட்டது?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு.

அவர் தேடுவது தன் குடும்பப் பெயரை. ஐந்தே எழுத்து. முதல் தடவை கேட்டவர் எவரும் சரியாகத் திருப்பிச் சொன்னதில்லை. வங்கியில் நடு எழுத்து காணாமல் போகும். மருந்துச் சீட்டில் கடைசி எழுத்து கழன்றுவிடும். மகளின் பள்ளிச் சான்றிதழில் புதிதாக ஒரு கொம்பு முளைத்து, அதை எடுக்க ஏழு மாதம் அலைந்தார். அகராதியில் அந்தச் சொல் கிடையாது. அந்தப் பெயரில் ஓர் ஊரோ செடியோ தொழிலோ இல்லை. கல்யாணமான புதிதிலேயே மனைவி கறாராகச் சொல்லிவிட்டார்: "எங்கப்பா குடுத்த பேரே எனக்குப் போதும். இதை எழுத்துக் கூட்டிச் சொல்லியே என் ஆயுசு போயிடும்."

அவரிடம் ஒரு நீள நோட்டு இருக்கிறது. அதன்படி, அந்தப் பெயரோடு உயிரோடு இருப்பவர்கள் உலகத்தில் முப்பத்தொரு பேர். பழைய தொலைபேசிப் புத்தகங்கள், இரங்கல் விளம்பரங்கள், தேர்வு முடிவுகள், யாரோ சொன்ன யாரோ என்று துருவித் துருவிச் சேர்த்தது. ஆண்கள் பதினாறு, பெண்கள் பதினைந்து. பத்து வயதுக்குக் கீழே நாலே பேர். அந்த வரிக்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்திருக்கிறார். இருபத்திரண்டு பேர் ஒரே ஆற்றின் கழிமுகத்தைச் சுற்றி, ஒரு நாள் பேருந்துப் பயணத்துக்குள் இருக்கிறார்கள். ஆறு பேர் குளிர்நாடுகளுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் கப்பலில் சமையல்காரர். அவரை எந்த ஊரில் சேர்ப்பது என்று யோசித்துப் பார்த்து, இருப்பிடம் 'தண்ணீர்' என்று எழுதி வைத்தார். கடிதத்துக்குப் பதில் போடாத இருவர் இன்னும் பென்சிலில்தான். இடக்கைக்காரர்கள் ஐந்து பேர் என்ற தகவல்கூட உண்டு. முகஜாடைக்கு ஒரு பத்தி ஒதுக்கியிருந்தார். அது மட்டும் ஒத்துவரவில்லை. மூக்கு ஆளுக்கொரு தினுசாக இருந்தது. "ரத்தம் ஒண்ணுதான், தண்ணி வேற" என்று சமாதானம் சொல்லிக்கொள்வார்.

முப்பத்தொரு பேரையும் அவர் முறை வைத்துத்தான் கூப்பிடுவார். கப்பல்காரர் தம்பி. குளிர்நாட்டுப் பல்வைத்தியர் சித்தப்பா. கழிமுகத்தின் அந்தக் கரையில் தனியாக இருக்கும் எண்பது வயது விதவை, பெரியம்மா. அவருக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசி போகும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு துணிப் பொதியில் சாய்ந்து கால்மணி நேரம் கண்ணயர்வார். அப்போது அவருக்கு ஓர் ஊர் தெரியும். அந்த ஊரில் எல்லாக் கடைப்பலகையிலும் அந்த ஐந்தெழுத்துத்தான். தபால்காரர் எந்த வீட்டில் வேண்டுமானாலும் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போகிறார். பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பெயரைக் கூப்பிட, வகுப்பு மொத்தமும் எழுந்து நிற்கிறது. ஜன்னல் வழியே வெயில் நீரோட்டம் போல் வந்து எல்லார் தலையிலும் படுகிறது. யாரோ மெஷினைப் போட, விழித்துக்கொள்வார். கன்னத்தில் துணியின் வரி பதிந்திருக்கும்.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்பதற்கு அவருடைய அண்ணனிடம் ஒரு பதில் இருந்தது. அண்ணனுக்கு அடுத்து எழுபது வயது பிறக்கிறது. நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தாவின் தகப்பன் ஒரு கப்பல் தலைவர், எங்கோ தூரக் கடற்கரையில் இருந்து வந்து தரைதட்டியவர், அவர் கொண்டுவந்த பெயர் இது என்று தாத்தாவே அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். தாத்தா போகும்போது அண்ணனுக்குப் பதினான்கு வயது, தம்பி ஒரு வயதுக் கைக்குழந்தை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்த கப்பல் ஓவியம் ஒன்று தொங்குகிறது. எழுபதாவது பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் கொடுக்கக் குடும்ப வரலாறு ஒன்றை நான்கு வருடம் உட்கார்ந்து எழுதி, அச்சகத்திலும் கொடுத்துவிட்டார். அட்டையிலும் கப்பல்தான்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு பெரிய மருத்துவமனையிலிருந்து நூற்றி நாற்பது வெள்ளைக் கோட்டுகளுக்குப் பட்டியல் வந்தது. எண்பத்தெட்டாவது வரியில் விரல் நின்றது. ஐந்தெழுத்து. ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. எக்ஸ்ரே பிரிவு, சின்ன அளவு.

அவர் அந்த ஒரு கோட்டை மட்டும் தனியாக மாட்டி, வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, ஊசி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நீல நூலில் எழுத்து ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளையில் எழுந்து வந்தது. முடிந்ததும் பின்பக்கத்து முடிச்சுகளைத் தன் கையாலேயே வெட்டினார். கோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது வண்டிக்காரர் வேலை. அன்றைக்கு வண்டியில் இவரும் ஏறிக்கொண்டார்.

எக்ஸ்ரே பிரிவில் அந்தப் பெண்ணுக்கு நாற்பது வயதிருக்கும். இருட்டறையிலிருந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு வெளியே வந்தார். இவர் தன் பெயரைச் சொன்னார். அடையாள அட்டையையும் காட்டினார். அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. இல்லத்தில் உங்கள் வீட்டில் யார் இருந்தது என்றுதான் முதல் கேள்வி கேட்டார். எந்த இல்லம் என்று இவர் விழித்தார்.

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பெண் அவரை நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார வைத்தார். "அது வம்சத்துப் பேரு இல்லண்ணே. ஒரு கடிகாரத்தோட பேரு."

கழிமுகத்தில் பெருவெள்ளம் வந்த வருடம், யார் பிள்ளை என்று சொல்லத் தெரியாத பதினேழு குழந்தைகளை ஒரு குழந்தைகள் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார்கள். பதிவு செய்ய ஓர் அதிகாரி வந்தார். படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஓர் இடம். இதை அந்தப் பெண்ணின் தாத்தா வயதான பிறகு சொல்லியிருக்கிறார். அவர் பதினேழில் ஒருவர்.

"காலியா விட்டா வாங்க மாட்டேன்னுட்டாராம். இல்லத்தைப் பாத்துக்கிட்ட அம்மா நிமிர்ந்து பாத்திருக்காங்க. எதிர்ச் சுவத்துல கடிகாரம். அதைச் செஞ்சவன் பேரு அது மேல போட்டிருந்துச்சு. அதையே எழுதிக்கோங்கன்னுட்டாங்க, பதினேழு பேருக்கும்."

கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பதினேழு குழந்தைகள் ஒரே வரிசையில். தலைக்கு மேலே வட்டக் கடிகாரம். முகப்பில், முள்ளுக்குக் கீழே, தேய்ந்த ஐந்தெழுத்து. படத்தைப் பெரிதாக ஒரு தாளில் எடுத்தும் கொடுத்தார். அதன் வெள்ளை ஓரத்தில், தன் தாத்தா அடையாளம் சொன்ன ஐந்து குழந்தைகளுக்கு மட்டும் கீழே பெயர் எழுதியிருந்தார். இவர் தாத்தா அந்த ஐந்தில் இல்லை.

திரும்பி வந்ததும் நோட்டை விரித்தார். நோட்டில் அந்தப் பெண்ணையும் அவர் மகனையும் சேர்த்தால் முப்பத்துமூன்று. எழுதவில்லை. சித்தப்பா சித்தப்பா இல்லை, தம்பி தம்பி இல்லை. மூக்குகள் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது இப்போது விளங்கியது. விளங்கியதில் சந்தோஷம் இல்லை. பகல் தூக்கத்தில் அந்த ஊர் வந்தது. தெரு இருந்தது, வெயில் இருந்தது, ஆளைக் காணோம். ஒரு காவலாளியின் பெயரைத் தலைகீழாகத் தைத்து, இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக முதலாளியிடம் பேச்சு வாங்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் தொலைபேசி போகவில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் பெரியம்மாவே கூப்பிட்டார். உடம்புக்கு என்ன என்று கேட்டார். இவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர் பாத்திரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பெரியம்மா குழாயை மூடினார்.

"எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும். எங்க மாமனாரு அந்த இல்லத்துல வளந்தவருதானே. அவரே சொன்னாரு."

"பின்னே ஏன் பெரியம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ மொதல்ல போன் பண்ணினப்போ, உங்க பெரியப்பா போயி நாப்பது நாள்தான் ஆகியிருந்துச்சு. நான் உங்க சொந்தக்காரன் பேசுறேன்னு சொன்னே. இல்லப்பான்னு சொல்றதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

நாளைக்குக் கூப்பிடுகிறேன் என்றார் இவர்.

"நாளைக்குள்ளத நாளைக்குப் பேசு. இப்போ கண்ணாடி மாத்தியிருக்கேன், அதைக் கேளு."

அண்ணனிடம் சொல்வதுதான் பெரிய பாடாக இருந்தது. சொல்லாமல் விட்டால் புத்தகம் அச்சாகி வந்துவிடும். சொன்னால் அண்ணன் மனம் தாங்காது. மனைவியிடம் யோசனை கேட்டதற்கு, பேர் உங்க பேரு, முடிவும் நீங்களே பண்ணுங்க என்றுவிட்டார். ஒரு மாலை படத்தைச் சட்டைப் பெட்டிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு போனார். எல்லாவற்றையும் கேட்ட அண்ணன், பெட்டியைத் திறக்கவே இல்லை.

"யாரோ ஒரு பொண்ணு ஒரு படத்தைக் காட்டினா, நம்ம வம்சமே கடிகாரம் ஆயிடுமா?"

பிறகு செய்தித்தாளை எடுத்து முகத்துக்கு நேராக விரித்துக்கொண்டார். அண்ணி வாசல் வரை வந்து, நாலு வருஷமா ராப்பகலா எழுதினாருப்பா என்று மட்டும் சொன்னார். கேட்டைச் சாத்தும்போது, ஜன்னல் கண்ணாடி வழியே கூடத்துக் கப்பல் தெரிந்தது. இவர் பெட்டியோடு திரும்பிவிட்டார்.

மூன்று வாரம் பேச்சில்லை. நான்காவது வாரம், மழை பெய்துகொண்டிருந்த ஒரு முற்பகலில், சொட்டச் சொட்ட ஒரு குடையோடு அண்ணன் கடைக்குள் வந்தார். இத்தனை வருடத்தில் தம்பி வேலை செய்யும் இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. மெஷினின் ஆறு ஊசித் தலைகளும் ஒரே தாளத்தில் குனிந்து நிமிர்வதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அச்சகத்தில் முதல் அத்தியாயத்தை நிறுத்தச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். பிறகு படம் இருக்கிறதா என்று கேட்டார்.

துணி வெட்டும் மேசையில் தாளை விரித்தார்கள். அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"இதுல தாத்தா யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? நான் பாத்ததில்லையே. நீதான் பாத்திருக்கே."

அண்ணனின் விரல் வரிசையில் மெதுவாக நகர்ந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே மொட்டைத் தலை, ஒரே தொளதொளச் சட்டை. யார் காலிலும் செருப்பு இல்லை. ஒன்பதாவது குழந்தையிடம் விரல் நின்றது. முகத்தில் அல்ல, காலில். ஆறு வயதிருக்கும், சில்லென்ற சிமெண்டுத் தரைக்குப் பயந்ததுபோல, இடது பாதத்தை வலது பாதத்தின் மேல் ஏற்றி வைத்துக்கொண்டு நின்றது.

"இதோ" என்றார் அண்ணன். "கடைசி வரைக்கும் இப்படித்தான்டா நிப்பாரு. பஸ்ஸுக்கு நின்னாலும் இப்படித்தான். ஏன் தாத்தான்னா, கப்பல் பரம்பரை, தரையில கால் பாவாதும்பாரு."

வெளியே மழை வலுத்தது. யாரோ மெஷினை நிறுத்தினார்கள். அண்ணன் தாளின் மேல் குனிந்தபடியே இருந்தார். தாத்தா தன் இடது கையால், பத்தாவதாக நின்ற பெண்குழந்தை ஒன்றின் கையைப் பிடித்திருந்தார். மூன்று வயதுகூட இருக்காது. படம் எடுக்கும்போது தலையை ஆட்டியிருக்க வேண்டும். முகம் தண்ணீரில் கரைந்ததுபோல் கலங்கியிருந்தது. எக்ஸ்ரே பெண்ணின் தாத்தாவுக்கும் அது யாரென்று தெரிந்திருக்கவில்லை.

"பக்கத்துல இந்தப் பொண்ணு யாரு?" என்று அண்ணன் கேட்டார்.

தம்பி தன் காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்தார். ஒன்பதாவது குழந்தையின் கீழே, வெள்ளை ஓரத்தில், 'தாத்தா' என்று எழுதினார். பென்சில் அங்கேயே கொஞ்சம் நின்றது. பிறகு அதைப் பத்தாவது குழந்தையின் கீழே நகர்த்தி, குண்டு குண்டாக, 'தாத்தாவின் தங்கை' என்று எழுதினார்.