பெரிய கோர்ட்டில் ஒரு கோலம்

சென்ற சனிக்கிழமை எங்கள் கிளப்பில் டென்னிஸ் ஃபைனல். விடியற்காலையில் தரையை மெழுகி முடித்து, கோடு போட ஷெட்டில் நூல்கண்டைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினேன். பெரிய கோர்ட்டின் நடுவில் கோலம்.

தாமரைக் கோலம். சுற்றிலும் கொடி. நடுவில் ஒரு பூசணிப் பூ வேறு.

போட்டது என் நாத்தனார் கன்னியம்மா.

வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் ரேஷன் கடையையும் குழாயடியையும் எழுதுகிறவளுக்கு டென்னிஸ் எதற்கு என்கிறீர்களா? எனக்குச் சோறு போடுவது அதுதான். மந்தைவெளிப் பக்கத்துக் கிளப்பில் கோர்ட் மெழுகுவது எங்கள் வேலை. மண்ணை இடித்து, ரோலர் உருட்டி, மேலே சாணம் கரைத்து மெழுக வேண்டும். காய்ந்தால் தரை கல் மாதிரி. தூசி பறக்காது. பந்து நன்றாக எழும்பும். அதன் மேல் சுண்ணாம்புத் தூளால் கோடு.

பெரிய மேட்ச் நடக்கிற இடமெல்லாம் ஒவ்வொரு ஊரில் ஒவ்வொரு மாதிரியாம். கிளப்பில் ஆடச் சொல்லித்தரும் மார்க்கர் சொல்வார். சீமையில் பச்சைப் புல். பிரான்சில் செம்மண். கல்கத்தாவிலும் புல்லாம். "நம்ம ஊர்லதான் சாணி" என்று ஒரு நாள் சிரித்தார்.

கன்னியம்மா விடுவாளா?

"அங்கியும் புல்லு, இங்கியும் புல்லு நைனா. நடுவுல ஒரு மாடு கீது. அவ்ளோதான்."

அன்று முழுக்க மார்க்கர் வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷமும் ஃபைனல் எழும்பூர்ப் பக்கம், சிமெண்ட் கோர்ட்டில்தான். இந்த வருஷம் எங்களிடம் வந்தது. சும்மா வரவில்லை. எங்கள் கிளப் செக்ரட்டரி போட்டிக் கமிட்டியில் சண்டை போட்டு வாங்கினார். மயிலாப்பூர் வக்கீல் — பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? ஆனால் தரையில் ஒரு குறை தெரிந்தாலும் மேட்ச் எழும்பூருக்கே திரும்பிவிடும் என்று சொல்லித்தான் கொடுத்தார்களாம்.

அந்தத் தரையில் கோலம்.

கன்னியம்மாவை மட்டும் சொல்லி என்ன? மார்கழி மாதம். யுத்தம் முடிந்தும் அரிசிக்கு ரேஷன். வயிற்றுக்கே அளந்து போடுகிறோம். கோலத்துக்கு மாவு ஏது? எங்கள் தெருவில் வாசலெல்லாம் மூளி. இங்கேயோ அப்போதுதான் மெழுகிய தரை... பக்கத்தில் வாளி நிறைய வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புத் தூள்.

"இன்னாடி இது?"

"மூளியா கெடந்துச்சு அண்ணி. கை போயிடுச்சு."

"இது வாசலா?"

"மெழுகின தரைதானே?"

நூல்கண்டைக் கீழே வைத்தேன்.

செக்ரட்டரி வந்தார். பார்த்தார். கோலத்தை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏம்மா, இங்கே ஃபைனலா, கல்யாணமா?"

"மார்கழி, சாமி," என்றாள் கன்னியம்மா.

"கோடு எது, கொடி எதுன்னு அம்பயர் முழிச்சுண்டு நிப்பார். கமிட்டிக்காரா இப்போ வந்துடுவா. பார்த்தா எழும்பூருக்குப் போன் பண்ணிடுவா."

"பெருக்கிடறேன் சாமி."

பெருக்கினால் போகாது. ஈரச் சாணத்தில் விழுந்த தூள் பிடித்துக்கொள்ளும். அதற்காகத்தானே வாசலில் ஈரம் காயுமுன் போடுகிறோம்? சுரண்டினால் தரை பெயரும். ஒரே வழி, அந்த இடத்தை மறுபடி மெழுகுவது. மெழுகிவிடலாம். மார்கழி வெயில் நாம் சொன்னபடி கேட்குமா?

"மேட்ச்சுக்குள்ள காயுமா?" என்று செக்ரட்டரி என்னைக் கேட்டார்.

"காய வெக்கறோம்."

"காயலேன்னா?"

நான் தண்ணீர் எடுக்கக் குடத்தைத் தூக்கினேன். அவர் கமிட்டிக்காரர்களை ஆபீஸ் அறையில் உட்கார்த்தி வைத்துக் காபி கொடுக்கப் போய்விட்டார்.

கன்னியம்மா கூடையோடு ஓடினாள். மந்தைவெளியில் மாட்டுக்குப் பஞ்சமில்லை. அவள் திரும்பி வந்தபோது பின்னால் எங்கள் தெருவே வந்தது. ஆளுக்கொரு பனையோலை விசிறி.

தண்ணீரைக் குறைத்துக் கரைத்தோம். மெல்லிசாக ஒரே பூச்சு. கோலம் மறைந்தது. சுற்றிலும் பலகை போட்டு உட்கார்ந்து விசிறினோம்.

மார்க்கர் ராக்கெட்டும் கையுமாக வந்து நின்றார்.

"இன்னாம்மா, தரைக்கு ஜுரமா? விசிறிக்கினு கீறீங்க?"

"கை சும்மாதானே கீது நைனா. ஒக்காரு," என்றாள் கன்னியம்மா.

ராக்கெட்டைக் கீழே வைத்தார். விசிறியை வாங்கினார்.

வெயில் ஏறியது. நடுவில் இருந்த கரும்பச்சை மெல்ல வெளுத்து, மற்ற இடத்தோடு சேர்ந்துகொண்டது. கண்ணுக்குச் சேர்ந்தால் போதுமா? காலுக்குச் சேர வேண்டும்.

செக்ரட்டரி வந்தார். ஷூவைக் கழற்றினார். சாக்ஸையும் கழற்றினார். நேரே நடுவுக்குப் போய் நின்று, காலை அழுத்தித் திருப்பினார். பிறகு ஒற்றைக் காலில் நின்று உள்ளங்காலைப் பார்த்தார்.

சுத்தம்.

"கோடு போடுங்கோ," என்றார்.

கன்னியம்மா அப்போதுதான் விசிறியைக் கீழே வைத்தாள்.

மேட்ச் நடந்தது. சவுக்குக் கம்பு கட்டிய கேலரி நிரம்பி, வேலிக்கு வெளியே மரத்திலும் ஆள். தியாகராய நகரிலிருந்துகூடக் கார் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள். ஷெட் பக்கம் நின்று நாங்கள் தரையைப் பார்த்தோம். ஓடினார்கள், சறுக்கினார்கள், திரும்பினார்கள். கடைசி செட் வரை ஓர் இடம் பெயரவில்லை.

அடுத்த வருஷமும் இங்கேதானாம். கமிட்டி சொல்லிவிட்டது.

யார் ஜெயித்தார் என்று பேப்பரில் வந்துவிட்டது. அவர் நின்று ஜெயித்த தரையை மெழுகியது யார் என்று வரவில்லை. அதனால் நான் போடுகிறேன் — மந்தைவெளிப் பெண்கள்.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு... கோடு போட்டது போக வாளியில் கொஞ்சம் சுண்ணாம்பு மிஞ்சியது. கன்னியம்மா வாளியைப் பார்த்தாள். செக்ரட்டரி கன்னியம்மாவைப் பார்த்தார்.

"கேட்டுக்கு வெளியே போட்டுக்கோ," என்றார்.

போட்டாள். அதே தாமரை, அதே கொடி. பூட்ஸ் போட்டவர், தொப்பி போட்டவர் என்று எத்தனையோ பேர் வந்தார்கள். ஒருவர் கால் படவில்லை. ஃபைனல் ஆட வந்த இருவரும்கூடச் சுற்றிக்கொண்டுதான் உள்ளே போனார்கள்.

இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.