லைனுக்கு ஒரு சைலன்சர்

புகையைப் பிடிக்கும் உத்தியோகத்தில் சேருகிறவனுக்கு முதலில் இருமல் வரும். அது போவதற்குள் சொந்தக்காரர்கள் வருவார்கள்.

அறுபதுகளில் நான் ரங்கூனில் மோட்டார் வண்டிச் சோதனை ஆபீசில் வேலை பார்த்தேன். சைலன்சரைக் கழற்றி எறிந்த பஸ், பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து ஓடும் டாக்ஸி, இருக்கும் ஹாரன் போதாதென்று இன்னொன்றை மாட்டிய லாரி, இவற்றையெல்லாம் மடக்குவது எங்கள் பிழைப்பு. பஸ்ஸுக்குக் காத்து நின்று கண் எரிய இருமியவர்களும், ஜன்னலைச் சாத்திக்கொண்டு புழுங்கிச் செத்தவர்களும் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நாம் ஒரே கட்சி. என்ன, நான் அதற்குச் சம்பளம் வாங்கினேன்.

என் மனைவி ஸ்டெல்லாவின் அண்ணன் அருளப்பன். சொந்த பஸ், அவரே டிரைவர். யுத்தகால லாரியின் மேல் மரக்கூடு கட்டிய அந்த வண்டி ஊரின் கிழக்கே பசுந்தாங்கிலிருந்து நடுவே பபேடான் வழியாக மேற்கே க்யிம்யிண்டைங் வரை போகும். பெர்மிட்டில் மூன்று சிவப்பு முத்திரை விழுந்தால் வண்டி ரோட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது சட்டம். மச்சானுக்கு ஏற்கெனவே இரண்டு விழுந்திருந்தது, ஒன்று சத்தத்துக்கு, ஒன்று புகைக்கு. கடைகளை எல்லாம் சர்க்கார் எடுத்துக்கொண்டு, தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாக மெட்ராஸ் கப்பலுக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. யார் வந்து கூப்பிட்டாலும் மச்சானிடம் ஒரே பதில்தான் வரும்.

"பஸ்ஸு ஓடுற வரைக்கும் நான் கப்பல் ஏற மாட்டேன்."

கைக்குட்டை

எங்கள் ஆபீசில் புகையை அளக்க மெஷின் கிடையாது. என் மேலதிகாரி ஊ பா மௌங்கின் கைக்குட்டைதான் மெஷின். வெள்ளைத் துணி, தினமும் அவர் மனைவி வெளுத்து மடித்துக் கொடுத்தனுப்புவார். வண்டியின் எஞ்சினை உறுமவிட்டு, புகைக்குழாயின் வாயில் கைக்குட்டையைப் பிடிப்பார். துணி பழுப்பானால் எச்சரிக்கை, கறுப்பானால் முத்திரை. பெர்மிட்டில் முத்திரை குத்துவது அவர் ஒருவர்தான். அந்த முத்திரைக் கட்டையை வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

ஒருநாள் ஒரு குட்டி டாக்ஸி வந்தது. பின்னால் மேகம் மாதிரி புகை. கைக்குட்டையை வைத்த மாத்திரத்தில் அது அடுப்புக்கரி துடைத்த துணி மாதிரி ஆகிவிட்டது. முத்திரைக் கட்டையை எடுக்க அவர் பைக்குள் கையை விட்டார். டிரைவர் கும்பிடவில்லை, கெஞ்சவில்லை. வாயிலிருந்த வெற்றிலையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு, ஐயா என்பதற்குப் பர்மாவில் சொல்கிற 'சயா'வோடு மரியாதையாகவே ஆரம்பித்து, நியாயம் கேட்கிற குரலில் சொன்னான்.

"சயா, அடுத்த தடவை கறுப்புக் கைக்குட்டை கொண்டாங்க. வீட்டம்மாவுக்கும் சிரமம் இல்ல, எங்களுக்கும் சிரமம் இல்ல."

கப்பல் ஊதுது

மச்சானின் லைனிலேயே வண்டி ஓட்டிய இன்னொருவர் கோ தௌங். பர்மாக்காரர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார், திட்டுவது மட்டும் பர்மிய மொழியில். மச்சானும் அவரும் ஒரே தட்டில் சாப்பிடுகிற சிநேகிதர்கள். உடைக்கப் போட்ட ஏதோ ஒரு ஸ்டீம் படகின் ஊதலைக் கோ தௌங் விலைக்கு வாங்கி, ஒரு காற்றுக் குடுவையோடு சேர்த்து, தன் பஸ்ஸில் மாட்டிவிட்டார்.

க்யிம்யிண்டைங் படகுத்துறைக்குப் பக்கத்தில்தான் பஸ் திரும்பும் இடம். அங்கே வந்து அவர் ஒரு இழுப்பு இழுத்தால், டீக்கடையில் உட்கார்ந்திருந்த படகுப் பயணிகள் எல்லாம் படகு கிளம்பிவிட்டது என்று கூடையும் கோழியுமாக எழுந்து ஓடுவார்கள். டீக்குக் காசு வாங்க டீக்கடைக்காரர் அவர்கள் பின்னால் ஓடுவார். கடைசியில் அந்த டீக்கடைக்காரர்தான் எங்களுக்குப் புகார் எழுதிப் போட்டார். நான் போய் ஊதலைக் கழற்றச் சொன்னபோது கோ தௌங்குக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும்.

"முதல்ல ஊதுறது நானு, சயா. என்னப் பாத்து ஊதுறவன் அந்தப் படகுக்காரன். அவனப் போயிப் புடிங்க!"

சோற்றுக் கேரியர்

இரண்டு முத்திரைக்குப் பிறகு மச்சானுக்குப் பயம் வந்துவிட்டது. நல்ல சைலன்சர் ஒன்று வேண்டும் என்றார். இறக்குமதி நின்றுபோய், ஊரில் ஸ்பேர் எதுவும் கிடைக்காத நேரம். டின் தகட்டில் சுருட்டிக் கொடுப்பார்கள், பத்து நாளில் ஓட்டை விழும். பசுந்தாங்கில் ஒரு சீனர் பட்டறையில் யுத்தகாலத்துக் கனத்த இரும்புத் தகடு கொஞ்சம் மிச்சம் இருந்தது. நானும் கூடப் போயிருந்தேன். அதை வளைத்து, நீளவாக்கில் பற்றவைத்துக் கொடுத்தார் பட்டறைக்காரர். பற்றவைத்த இடம் பூரான் படுத்திருக்கிற மாதிரி புடைத்துக்கொண்டிருந்தது. பார்க்க அழகில்லை, ஆனால் மாட்டியதும் பஸ் வாயை மூடிக்கொண்டது. அந்த லைனிலேயே ஒழுங்கான சைலன்சர் உள்ள ஒரே வண்டி என் மச்சானுடையது என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வினை வீட்டில் வந்தது. எங்கள் குடியிருப்பு பபேடானில் மூன்றாம் மாடி. அங்கே எல்லா மாடியிலிருந்தும் தெருவுக்குக் கயிறு தொங்கும். பேப்பரோ காய்கறியோ கீழே கிளிப்பில் மாட்டிவிட்டால் மேலே இழுத்துக்கொள்ள வேண்டியதுதான். ஸ்டெல்லா அந்தக் கயிற்றில் அண்ணனுக்குச் சோற்றுக் கேரியரை இறக்குவாள். பஸ்ஸின் உறுமல் தெருமுனையில் கேட்டதும் இறக்க ஆரம்பித்தால், வண்டி வந்து நிற்கவும் கேரியர் டிரைவர் ஜன்னலுக்கு நேரே வரவும் சரியாக இருக்கும். சைலன்சர் மாட்டிய அன்று அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. மச்சான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, பின்னால் வண்டிகள் கத்தவே போய்விட்டார். சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது கேரியர் மேஜைமேல் அப்படியே இருந்தது.

"சத்தத்தப் புடுங்குனது நீங்க. சோத்தையும் நீங்களே கொண்டுபோய்க் குடுத்துட்டு வாங்க."

செத்த எஞ்சின்

வருஷச் சோதனை வந்தது. பசுந்தாங் கால்வாய் ஓரத்தில் இருந்த எங்கள் கொட்டடிக்கு அந்த லைன் பஸ்கள் இரண்டு காலைகளில் வர வேண்டும். முதல் நாள் மச்சான் வண்டி முதலாவதாக வந்து தேறிப் போயிற்று. பிறகு வந்த வண்டிகளும் தேறின. ஊரில் கிடைக்காத சாமான் ஒவ்வொரு வண்டியிலும் இருந்தது. மூன்றாவது வண்டிக்கு அடியில் குனிந்தபோதே எனக்கு விளங்கிவிட்டது, அதே பூரான். கொட்டடிக்குப் பின்னால் இருந்த சந்தில், தேறி வந்த வண்டியிலிருந்து கழற்றித் தேறப்போகிற வண்டிக்கு மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு லைன்காரன் கேட்டால் இன்னொரு லைன்காரன் இல்லை என்று சொல்லக் கூடாது. டயர், ஜாக்கி, கண்டக்டர் எதுவானாலும் சரி. அது அவர்கள் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டில் சைலன்சரும் சேர்ந்துவிட்டது.

கடைசியாக வந்த வண்டிக்கு எஞ்சினே ஓடவில்லை. ராத்திரியிலிருந்து அப்படித்தான் என்று சொல்லி ஐந்தாறு பேர் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஓடாத வண்டியில் கைக்குட்டைக்கு வேலை இல்லை. குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று தடவிப் பார்க்க ஊ பா மௌங் குனிந்து, வலது உள்ளங்கையைச் சைலன்சரின் மேல் அழுத்தி வைத்தார். அடுத்த கணம் அவர் போட்ட கூச்சலில் கால்வாயில் போன படகுக்காரன் துடுப்பை நிறுத்திவிட்டான். உள்ளங்கை முழுவதும் வெந்துவிட்டது. வாளித் தண்ணீரில் கையை முக்கியபடி, தள்ளிவந்தவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"எஞ்சின் செத்து ஒரு ராத்திரி ஆச்சு. சைலன்சருக்கு மட்டும் இன்னும் காய்ச்சல் விடலையோ?"

நல்லா அழுத்தி

மறுநாள் காலை கையில் கட்டோடு வந்தார். கொட்டடியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு என்னை ஜீப்பில் ஏறச் சொன்னார். எங்கே என்று சொல்லவில்லை. க்யிம்யிண்டைங் சந்தைக்குப் பக்கத்தில் போய் நிறுத்தியபோதுதான் புரிந்தது. சைலன்சர் கொட்டடியில் இருக்கிறது. அப்படியென்றால் அதற்குச் சொந்தமான வண்டி சைலன்சர் இல்லாமல் ரோட்டில் இருக்கும்.

முந்தின நாள் தேறிய மற்றவர்கள் ஊ பா மௌங்கின் கை வெந்ததற்குப் பயந்து வண்டியை எடுக்கவில்லை, மீதி வண்டிகள் எல்லாம் கொட்டடி வரிசையில் நின்றன, அதனால் அன்று காலை லைனில் ஓடியது மச்சானின் பஸ் ஒன்றுதான். அவரும் வீட்டில் படுத்திருக்கலாம். ஆனால் மீன் கூடையோடும் கீரைக் கட்டோடும் சந்தைப் பெண்கள் காத்து நிற்பார்கள். ஒரு வண்டியும் வராவிட்டால் மீன் நாறிப்போகும். பஸ் கண்ணில் படுவதற்கு முன்பே எனக்குக் காதில் விழுந்துவிட்டது. அந்த உறுமலை எங்கள் வீட்டுக் கயிறுகூட அடையாளம் சொல்லும்.

ஊ பா மௌங் கையைக் காட்டி நிறுத்தினார். சைலன்சர் எங்கே என்றார். அன்று சைலன்சர் கோ தௌங்கின் வண்டியில் இருந்தது. அவரிடம் கொடுத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் வண்டி போகும். அதைப் பிடித்து இழுத்தால் லைன் முழுவதும் போகும். மச்சான் என்னைப் பார்க்கவே இல்லை. "தொலஞ்சு போச்சு, சயா" என்றார். பெர்மிட்டை அவரே எடுத்து நீட்டினார். ஊ பா மௌங்கால் விரலை மடக்க முடியவில்லை. முத்திரைக் கட்டையை இடது கையால் எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் வாங்கிக்கொண்டு நின்றேன். பஸ்ஸுக்குள் மீன்காரப் பெண்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் பெர்மிட்டை ஜீப் மட்கார்டின் மேல் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நல்லா அழுத்திப் போடுங்க, மாப்பிள்ளை. மங்கலா விழுந்தா உங்களுக்குத்தான் கெட்ட பேரு."

அழிக்கிற மை

அன்று மத்தியானமே கோ தௌங் ஆபீசுக்கு வந்தார். சைலன்சரைப் பழைய லுங்கியில் சுற்றிக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி வந்து மேஜைமேல் வைத்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். தன் பெர்மிட்டையும் பக்கத்தில் வைத்து, இதை எடுத்துக்கொண்டு அருளப்பனுடையதைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். படகு ஊதலுக்கு அந்தக் குதி குதித்த மனிதர், அன்று ஒரு வசவுகூட இல்லாமல் கெஞ்சினார்.

ஊ பா மௌங் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், சைலன்சரைப் பார்த்தார். அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. கோ தௌங்கின் பெர்மிட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் இடது கையால் அவர் பக்கம் தள்ளினார்.

"முத்திரை போட சர்க்கார் மை குடுத்திருக்கு, கோ தௌங். அழிக்கிறதுக்குக் குடுக்கலை."

சத்தமே இல்லை

பெர்மிட் இல்லாத பஸ் வெறும் மரமும் இரும்பும். மச்சான் அதைப் பிரித்து விற்றார். பிறகு குடும்பத்தோடு கப்பலுக்குப் பெயர் கொடுத்தார். என்னிடம் ஒரு சொல்கூடக் கோபமாகப் பேசவில்லை; பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். விற்காமல் வைத்திருந்தது, ஆபீசிலிருந்து கோ தௌங் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த சைலன்சரை மட்டும்தான். துறைமுகத்துக்கு வழியனுப்ப வந்த கோ தௌங்கிடம் அதைக் கொடுத்து, "லைனுக்கு ஒண்ணு இருக்கட்டும்" என்றார்.

துறைமுகத்திலிருந்து திரும்பி வந்த ஸ்டெல்லா நேராகப் பால்கனிக்குப் போனாள். கயிற்றை மேலே இழுத்தாள். கிளிப்பைக் கழற்றினாள். புகை படிந்து கறுத்திருந்த கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்தபடி நின்றாள். நான் பக்கத்தில் போய் நின்றேன். அவள் திரும்பாமலே கேட்டாள்.

"இப்ப நம்ம தெருவுல சத்தமே இல்ல. உங்க வேல முடிஞ்சிருச்சுல்ல?"

முடியவில்லை, அடுத்த வருஷச் சோதனையில் அந்த லைன் பஸ்கள் எல்லாம் வயிற்றில் அதே பூரானோடு ஒவ்வொன்றாக வந்து தேறிப் போயின, ஊ பா மௌங் ஆறிப்போன உள்ளங்கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.