சிரிப்பரங்கத்தில் தூங்கியவர்கள்

என் அண்ணனைப் பக்கவாதம் தாக்கியபோது, செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். குடும்ப கௌரவம் என்று ஒன்று இருந்து தொலைக்கிறதே, திருப்போரூர் தாண்டி கண்ணாடி கட்டடத்தில் இயங்கிய ஒரு தனியார் மருத்துவமனைக்கு அவரை மாற்றினோம். அங்கே வரவேற்பறையில் மீன்தொட்டி இருந்தது. நோயாளிகளைவிட அந்த மீன்களைக் கவனிக்க ஆட்கள் அதிகம்.

அண்ணன் பெருத்த உடம்புக்காரர். மூளையின் இடப்பக்கம் அடிபட்டதில் பேச்சு போய்விட்டது. வாழ்நாளெல்லாம் பேசிய தமிழில் ஒரே ஒரு கெட்ட வார்த்தை மட்டும் மிஞ்சியது. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதுதான், நன்றி சொல்வதானாலும் அதுதான். டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது நான் பாத்ரூமில் ஒளிந்துகொள்வேன்.

அவருக்கு வாய்த்த நர்ஸ், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்துப் பெண். அந்த மாடியில் இரவு முழுவதும் அவளும் ஒரு ஆயாவும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அண்ணனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அடியில் விரித்த துணியை இருபக்கமும் இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் புரட்ட முடியும். மாலையில் நான் பார்க்கப் போகும்போது ஆயா கண்ணில் படாவிட்டால் என்னை இழுத்துக்கொள்வாள்.

"நீங்க மேடைல பேசுற ஆளாமே சார்? இங்க வாய மூடிகினு அந்தத் துணியப் புடிங்க."

பிடிப்பேன். அண்ணன் தன் ஒரே வார்த்தையைச் சொல்வார்.

"இன்னா பெரியவரே, காலைல டாக்டரம்மாவ சொன்னீங்க, இப்ப என்னிய சொல்றீங்க. யாருக்குன்னு கரெக்டா சொல்லுங்க, பேஜாரா கீது" என்பாள். அண்ணனின் இடது வாயோரம் சிரிக்க முயலும்.

ஒருநாள் இடுப்புக்குக் கீழே, எலும்பு முட்டும் இடத்தில், எட்டணா அளவுக்குச் சிவந்திருந்ததை விரலால் அழுத்திக் காட்டினாள். "இத்த பாத்துக்கினே இருக்கணும் சார். ரெண்டு நாள் புரட்டாம வுட்டா ஓட்ட வுழுந்துரும். அப்புறம் மூடறது கஷ்டம்." அன்றிலிருந்து அந்த மருத்துவமனையில் எனக்கு வேறு எதுவும் முக்கியமில்லை. அந்தச் சிவப்பு பெரிதாகக் கூடாது, அவ்வளவுதான்.

நிர்வாக அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஈசிஆரில் ரிசார்ட் நடத்திவிட்டு இந்தத் துறைக்கு வந்தவர். நோயாளிகளை 'கெஸ்ட்' என்பார். நான் நகைச்சுவைப் பேச்சாளன் என்பது எப்படியோ அவர் காதுக்குப் போய், அறைக்கு அழைத்தார்.

"சார், நம்ம நர்ஸுங்க மூஞ்சில சிரிப்பே இல்ல. கெஸ்ட்டுங்க குறை சொல்றாங்க. அவங்களுக்கும் பாவம், ஸ்ட்ரெஸ். நீங்க ஒரு மணி நேரம் சிரிக்க வெச்சிட்டீங்கன்னா கவனிப்பே மாறிடும்."

"மாடிக்கு இன்னும் ரெண்டு நர்ஸு போடுங்க. தானா சிரிப்பாங்க" என்றேன்.

அவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "அதான் சார் உங்க கிட்ட. வாயத் தொறந்தாலே ஜோக்கு."

இந்தத் தொழிலில் இது ஒரு சாபம். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். பேசி முடித்த கையோடு அண்ணனின் மாடிக்கு இன்னொரு நர்ஸ் கேட்கலாம் என்று கணக்குப் போட்டேன். அரசியல் சாமர்த்தியம் எனக்கு எப்போதும் கற்பனையில் அமோகமாக இருக்கும்.

கேன்டீனில் பேனர் கட்டியிருந்தார்கள்: 'மன அழுத்தம் போக்கும் சிரிப்பரங்கம்'. பகல் நர்ஸ்கள் வார்டை விட்டு வர முடியாது. ஆகவே இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் கிளம்பியவர்களைப் பிடித்து, நாஸ்தா கொடுத்து, உட்கார வைத்துவிட்டார்கள். இரவெல்லாம் நின்றவர்களுக்கு நாற்காலி கிடைத்தால் என்ன ஆகும்? அதிகாரி என்னை அறிமுகப்படுத்திவிட்டு ஏதோ மீட்டிங்குக்குப் போனார். என் முதல் ஜோக்குக்கு நான்கு பேர் சிரித்தார்கள். இரண்டாவது ஜோக்குக்கு முன்வரிசையில் எங்கள் நர்ஸின் தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தூங்கும் சபையை எழுப்ப எனக்கு வித்தைகள் தெரியும். குரலை உயர்த்துவது, மேஜையைத் தட்டுவது, தூங்குகிறவரின் சட்டை நிறத்தைச் சொல்லிக் கூப்பிடுவது. அன்று எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தேன். குரலைத் தாழ்த்தினேன். நகைச்சுவையை நிறுத்திவிட்டு, செங்கல்பட்டு ஏரியின் மதகு, வரத்துக் கால்வாய் என்று ஒரே சுருதியில் போனேன். ஒவ்வொரு தலையாகச் சாய்ந்தது. கடைசியில் மொத்த கேன்டீனும் தூங்கியது. என் வாழ்க்கையில் ஒரு சபைக்கு உருப்படியாக எதையாவது கொடுத்தது அன்றுதான்.

விளம்பரப் பிரிவுப் பெண் ஒருத்தி ஓரமாக நின்று அதை முழுவதும் செல்போனில் பிடித்துக்கொண்டிருந்தாள். அது அவள் வேலை.

மறுநாள் அதிகாரி மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு வந்தார். "வீடியோ பாத்தேன் சார். ரொம்ப வெக்கமா இருக்கு. விருந்தாளிய வரவெச்சு அவமானப்படுத்திட்டாங்க. எல்லாருக்கும் மெமோ குடுத்துட்டேன். முன்னாடி உக்காந்து வாயத் தொறந்து தூங்குச்சே, அந்தப் பொண்ண வேலைய விட்டு அனுப்பியாச்சு. ஒண்ண அனுப்பினாத்தான் மத்தது ஒழுங்கா இருக்கும்."

"சார், அவங்க தூங்கணும்னுதான் நான் அப்படிப் பேசினேன்."

சிரித்தார்.

"நிஜமா. என் பேச்சுக்கு எல்லா ஊர்லயும் தூங்குவாங்க. அந்தப் பொண்ணத் திரும்பக் கூப்பிடுங்க."

"உங்க பெருந்தன்மை சார் அது" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பொன்னாடை ஒன்றும் போர்த்தினார். மேடையில் போர்த்த மறந்துவிட்டதாம்.

அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. கீழ்மாடி நர்ஸ் ஒருத்தி, எங்கள் ஆயாவையும் இழுத்துக்கொண்டு, இரண்டு மாடியையும் பார்த்துக்கொண்டாள். பார்த்தாள் என்பது உண்மை. கதவருகே நின்று, புதிதாக மாட்டிய 'புன்னகையுடன் சேவை' பேட்ஜோடு, சிரித்துப் பார்த்துவிட்டு ஓடினாள். அவளையும் திட்ட மனம் வரவில்லை. மாலையில் நான் துணியைப் பிடித்தால் மறுபக்கம் பிடிக்க ஆளில்லை. தனியாக இழுத்தேன், தோல் உரசி இன்னும் மோசமானது. இரவில் உறவினர் தங்கக் கூடாது என்பது அந்த இடத்துச் சட்டம். கெஸ்ட்டுகளின் அமைதி கெடுமாம்.

எட்டணா முதலில் கறுத்தது. பிறகு உடைந்தது. சுத்தம் செய்த டாக்டர், உள்ளே எலும்பு தெரிவதை எனக்குக் காட்டினார், ஏதோ நல்ல வீட்டுமனையைக் காட்டுவது போல. அப்போது அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். அந்த ஒற்றைக் கெட்ட வார்த்தையை எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. அதன்பிறகு வரவே இல்லை.

போன வாரம் திருப்போரூர் பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். படூரில் ஒரு கிளினிக்கில் சேர்ந்திருக்கிறாளாம்.

"இன்னா சார், இன்னும் பேசிகினு கீறீங்களா?"

"குறைச்சிட்டேன்" என்றேன். "உன் வேலை போனதுக்கு நான்தான்..."

"அத்த வுடுங்க. அன்னிக்கு மாதிரி நான் என்னிக்குமே தூங்குனதில்ல." துப்பட்டாவை இழுத்து விட்டுக்கொண்டாள். "பெரியவரு இடுப்பு எப்படி கீது?"

"நல்லா இருக்கு. சிவப்பெல்லாம் போயிடுச்சு."

அவள் ஒரு அடி கிட்டே வந்தாள். கோபமில்லை, ஆச்சரியமுமில்லை.

"பொய் சொல்லாதீங்க சார். உங்க சட்டைலயே வாட வருது."

அவள் பஸ் ஏறிப் போன பிறகு, தினமும் அண்ணனைச் சாய்த்துத் தூக்கும் தோளருகே சட்டையை மூக்குக்கு இழுத்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பழகிவிட்டது.