மையவாடிக்கு வந்த ஸ்பெயின்காரர்

என் வீட்டுக்காரர் சைகோனில் ரோடு போட்ட என்ஜினியர். எழுபத்தைந்தில் ஊர் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறியதும் வேலை போயிற்று. ரேஷன் வரிசையில் நிற்பதும் படிப்பதும்தான் மிச்சம். நாட்டைவிட்டுப் போனவர்களின் பிரெஞ்சுப் புத்தகங்கள் நடைபாதையில் எடைக்கு விற்றன. அதில் ஒன்றில்தான் அந்த ஸ்பெயின்காரரைப் பிடித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டு என்ஜினியராம். பாதை வெட்டும்போது பழைய கல் தட்டுப்பட்டால் வேலையை நிறுத்திவிட்டுக் குந்திவிடுவாராம். கல்லைப் படிக்கவே அரபி கற்றாராம்.

“கல்லத் தள்ளுறதுக்கு முந்தி அது என்ன சொல்லுதுன்னு கேட்ட மனுசன்,” என்பார் இவர். பிரெஞ்சு இலக்கணம் ஒன்றை வைத்துக்கொண்டு தானும் அரபி கற்றார். அதிலிருந்து அந்த ஸ்பெயின்காரரோடு சேர்த்து எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று ஆயிற்று. சோளம் கலந்த சோற்றை மட்டும் நான் இரண்டாகத்தான் பங்கு வைத்தேன்.

பிறகு எங்கள் ஆட்களை அடக்கம்செய்திருந்த மையவாடியைக் காலிசெய்ய உத்தரவு வந்தது. சொந்தக்காரர்கள் கபுரை அடையாளம் காட்டி எலும்பை எடுத்துப் போகலாம். மற்றதெல்லாம் ஒரே குழியில். இவருடைய உம்மா அங்கேதான் இருந்தார், இவரைப் பெற்றபோதே மௌத்தானவர். வாப்பா கபுரைக் காட்டியதே இல்லை. பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுவாராம். அவரும் போய்ச் சேர்ந்தாயிற்று. கபுர் எதுவென்று தெரிந்த மற்றவர்கள் சொந்த ஊரான காரைக்காலுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கெடுவின் கடைசி நாள் இவர் அந்த ஸ்பெயின்காரரைப் போலவே ஒவ்வொரு கல்லாகக் குந்தி வாசித்தார். நான் தண்ணீர்ப் பாட்டிலோடு பின்னாலேயே போனேன். வெயிலும் பசியுமாக எனக்குச் சலித்துவிட்டது. மதிலோரம் ஒரு சின்னக் கல். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“இது அரபியே இல்ல. கல்லு கொத்துன சீனன் கண்டபடி புள்ளி வச்சிருக்கான். வா.”

எனக்கு நடக்கத் தெம்பில்லை. அங்கேயே உட்கார்ந்தேன். கண் தானாகக் கல்லில் ஓடியது. காரைக்காலில் எங்களுக்குத் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதக் கற்றுக்கொடுத்தார்கள். அரபியில் இல்லாத ஓசைகளுக்குக் கூடுதலாகப் புள்ளி வைப்போம். சைகோனிலேயே பிறந்து பிரெஞ்சுப் பள்ளியில் படித்த இவர் அதையெல்லாம் கண்டதில்லை.

“புள்ளியெல்லாம் சரியாத்தாங்க இருக்கு. இது தமிழு,” என்றேன்.

மேலே உம்மாவின் பெயர், அதுவும் அந்தக் கூடுதல் புள்ளிகளோடு, இருந்தது. அதைச் சொன்னதும் இவர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். கீழே வாப்பா வெட்டச் சொன்ன வரி. அதையும் வாசித்தேன்.

“பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ கவலைப்படாமல் தூங்கு.”

அந்தப் பிள்ளை, தலை நரைத்து, மண்ணில் உட்கார்ந்தபடி, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னது.