துண்டுக்கு அடியில ஒரு சீட்டாட்டம்

எங்க வூட்டுக்காரர் பச்சியப்பன் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏத்தறப்ப வழுக்கி விழுந்து காலை ஒடைச்சுக்கிட்டாரு. மாவுக்கட்டோட ரெண்டு மாசம் கட்டில்ல கெடந்தாரு. சும்மா கெடந்தாரா மனுசன்? டிவியில ஏதோ ஒரு சேனல்ல வெள்ளைக்காரங்க கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கிட்டு சீட்டாடறதைக் கண்டுபிடிச்சுட்டாரு. போக்கராம். இங்கிலீஷ் ஒரு வார்த்தை புரியாது, ஆனா ஆட்டம் அத்துபடின்னு பீத்தல் வேற.

"காவேரி, பாரு, இவன் கையில ஒண்ணுமே இல்ல, சும்மா மெரட்டறான்"னுவாரு. அப்படியே இருக்கும். "அந்தத் தாடிக்காரன் ரெண்டு ராஜா வச்சிருக்கான்"னுவாரு. அதுவும் சரியா இருக்கும். நானும் ஒரு வாரம் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தேன். அப்புறம்தான் கவனிச்சேன், யார் கையில என்ன சீட்டுன்னு டிவிக்காரனே கீழ போட்டுக் காட்டறான்!

"ஏங்க, அதான் எல்லாச் சீட்டும் தெரியுதே, இதுல என்ன பெரிய வித்தை?"

"அது உனக்கு. நான் மூஞ்சியைப் பாத்தே சொல்றேன்."

இதுக்கு மேல நான் எந்தச் செவுத்துல போய் முட்டிக்கறது? கட்டுப் பிரிச்சதும் டீக்கடையில போய் அந்தச் சீட்டாட்டக்காரங்க மாதிரியே மூஞ்சியை உம்முன்னு வச்சுக்கிட்டு போண்டாவுக்கு பேரம் பேசியிருக்காரு. கடைக்காரர், "என்னண்ணா, வயிறு கியிறு சரியில்லையா?"ன்னு கேட்டாராம்.

அதோட போயிருந்தா சிரிச்சுட்டு விட்டிருப்பேன். பதினஞ்சு வருசமா அடுத்தவங்க மாட்டுக்குப் புல்லறுத்தவ நான். எனக்கே எனக்குன்னு ஒரு கறவை மாடு வேணும்னு நூறு நாள் வேலைக் கூலியைச் சேத்து வச்சிருந்தேன். நாப்பத்தஞ்சாயிரம். ரெண்டு பேரும் மாட்டுச் சந்தைக்குப் போனோம்.

போனதுமே ஒரு செவலைப் பசு. அந்தக் கண்ணும் மடியும், அடேயப்பா! எனக்குக் காலு அங்கிருந்து நகரல. அதுக்குச் சொந்தக்காரம்மா நஞ்சம்மாள் கயித்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. பேரம் பேச தரகர் மாரியப்பன். எங்க சந்தையில விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க. துண்டைப் போட்டு மூடி, அடியில விரலைப் பிடிப்பாங்க. நாலு விரல்னா நாப்பதாயிரம். பொம்பளைங்க கை துண்டுக்குள்ள போறதில்ல. அதனால இவர்தான் கையை விட்டாரு.

மூஞ்சியைப் பாக்கணுமே! அய்யனார் செலை தோத்துச்சு. கொஞ்ச நேரம் போச்சு. மாரியப்பன் நஞ்சம்மாளைத் திரும்பிப் பாத்து சாடையில ஏதோ கேட்டாரு. அதுக்குள்ள இவர் வெடுக்குனு கையை உருவிக்கிட்டு, துண்டை உதறிட்டு, விறுவிறுன்னு நடையைக் கட்டிட்டாரு.

நான் பின்னாலயே ஓடினேன். "ஏங்க, என்னாச்சு?"

"திரும்பிப் பாக்காத. தரகன் கண்ணு படபடன்னு அடிக்குது, பயந்துட்டான். இப்பக் கூப்புடுவான் பாரு."

கூப்புடல. பொளக்கற வெய்யில்ல வேப்ப மரத்தடியில நிக்கறோம், நிக்கறோம். நான் திரும்பிப் பாத்தேன். அரூர்க்காரர் ஒருத்தர் மாரியப்பன் துண்டுக்குள்ள கையை விட்டுக்கிட்டு இருக்காரு.

ஓடினேன். மானம் மரியாதை எல்லாம் மரத்தடியிலயே நிக்கட்டும்னு விட்டுட்டு, அந்தத் துண்டைப் பிடிச்சு இழுத்தேன்.

"நாப்பத்தஞ்சாயிரம்! எங்கிட்ட இருக்கறதே அவ்வளவுதான். அதுக்கு மேல ஒத்தை ரூவா கூட இல்ல. எனக்கு இந்த மாடு வேணும்!"

அரூர்க்காரர் கூச்சத்துல கையை எடுத்துக்கிட்டாரு. "என்னம்மா இது, இப்படியா பேசறது?"ன்னு மாரியப்பன் தலையில கை வச்சாரு. நஞ்சம்மாள் மட்டும் கயித்தை எங் கையில குடுத்தாங்க. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

காசை எண்ணி வாங்கிக்கிட்டு அந்தம்மா மெதுவா கேட்டாங்க. "ஏம்மா, உங்க வூட்டுக்காரருக்கு என்ன கோவம்? அவர் பிடிச்சது நாலு விரல். எனக்குச் சம்மதம்னு நான் தலையாட்டிட்டேன். மாரியப்பன் திரும்பறதுக்குள்ள அவர் போயிட்டாரே?"

நான் மரத்தடியைப் பாத்தேன். அவர் இன்னும் மூஞ்சியை மாத்தாம நின்னுக்கிட்டு இருந்தாரு.

அஞ்சாயிரம்! எத்தனை நாள் மண்ணு சொமந்த காசு அது!

மாட்டை ஏத்தி முடிச்ச டெம்போக்காரர், "அண்ணன் ஏறலீங்களா?"ன்னு கேட்டாரு.

"வண்டியில மாட்டுக்கும் எனக்கும்தான் எடம் இருக்குது. நீங்க எடுங்க"ன்னு சொல்லிட்டேன்.